ஞாபகத்துக்கும் ஒரு கோட்டா

உங்கள் கம்ப்யூட்டரில் 'பயோடேட்டா ஃபைனல்' என்று ஒரு ஃபைல் இருக்கும். பக்கத்திலேயே 'பயோடேட்டா ஃபைனல் 2'. அதற்கும் கீழே, 'இதுதான் கடைசி ஃபைனல்'. திறந்து பார்த்தால் மூன்றும் ஒன்றேதான்! ஆனாலும் அழிக்கக் கை வராது.

வெட்கப்படாதீர்கள். புரோகிராம் எழுதுகிற மூளைக்காரர்களே அரை நூற்றாண்டாக இதோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பழையது வேண்டும். ஆனால், ஒரே பழையது பத்து தடவை வேண்டாம். இவ்வளவுதான் விஷயம்.

1972. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். மார்க் ராச்கைண்ட் என்பவர் எஸ்.சி.சி.எஸ். என்றொரு மென்பொருள் எழுதினார். ஒரு புரோகிராமின் ஒவ்வொரு வடிவத்தையும் முழுசாக அது சேமிக்காது. எந்தெந்த வரி மாறியதோ, அதை மட்டும் குறித்துக்கொள்ளும். டிஸ்க் யானை விலை விற்ற காலம். வேறு வழி?

அடுத்து வந்த டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனம் இதற்கு நேரெதிர். 1977-ல் அது அறிவித்த வாக்ஸ் கம்ப்யூட்டருக்கு வி.எம்.எஸ். என்று ஓர் ஆபரேட்டிங் சிஸ்டம். அதில் ஃபைல் பெயருக்குப் பின்னால் ஓர் அரைப்புள்ளி, அப்புறம் ஓர் எண். மறுபடி எழுதிவைத்தால் பழையது அப்படியே இருக்கும். அடுத்த எண்ணோடு புதுசு பிறக்கும். உள்ளே ஏதாவது மாறியிருக்கிறதா என்றெல்லாம் சிஸ்டம் கேட்காது. குட்டி போட்டுக்கொண்டே போகும். கடைசியில் 'பர்ஜ்' என்று ஒரு கட்டளை கொடுத்துக் கூட்டித் தள்ளவேண்டும்.

1982-ல், பர்டியூ பல்கலைக்கழகத்திலிருந்த வால்டர் டிஷி ஆர்.சி.எஸ். பற்றி எழுதினார். இது கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளை. நீங்கள் கொடுப்பதை முந்தைய வடிவத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் இல்லையா? நீங்கள் வற்புறுத்தினால் ஒழிய புது எண் கிடையாது. ஒரே பில்லை இரண்டு தடவை பதியமாட்டேன் என்கிற கறார் கணக்குப்பிள்ளை மாதிரி.

ஆனால், அது பார்ப்பது முந்தைய ஒன்றை மட்டும்தான். பத்து வடிவங்களுக்கு முன்னால் இருந்த நிலைக்கே திரும்பி வந்தால்? அதற்கும் விடை கிடைத்தது, 2005 ஏப்ரலில். லினக்ஸ் குழு இலவசமாகப் பயன்படுத்தி வந்த பிட்கீப்பர் மென்பொருளுக்கு அந்த வசதி நின்றுபோக, லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களில் 'கிட்' என்று ஒன்றை எழுதி ஓடவிட்டார். ஃபைலின் உள்ளடக்கத்தைக் கணக்குப் போட்டு 40 எழுத்துகளில் ஒரு கைரேகை எடுக்கும். அதே உள்ளடக்கம் எப்போது, எந்தப் பெயரில் வந்தாலும் அதே ரேகைதான். எனவே ஒரே ஒரு பிரதிதான்.

ஆச்சா? பிரச்னை தீர்ந்தது என்று நினைப்பீர்கள். ம்ஹூம்!

கிட்டிடம் நாமாகப் போய் ஒப்படைத்தால்தான் அது ஞாபகம் வைத்துக்கொள்ளும். ஒப்படைப்பதற்கு முன்னால் எழுதி, அழித்து, சேவ் செய்தது எல்லாம்? அதற்காக எடிட்டர்களே சொந்தமாக ஒரு சரித்திரம் எழுத ஆரம்பித்தன. விஷுவல் ஸ்டூடியோ கோட் எடிட்டரில் இந்த வசதி 2022-ல் வந்தது. நீங்கள் எதையும் மாற்றி அமைக்காவிட்டால், ஒரு ஃபைலுக்கு 50 பதிவுகள். 10 விநாடிக்குள் மறுபடி சேவ் செய்தால் முந்தைய பதிவின் இடத்தில் புதுசு உட்காரும்.

இங்கேதான் சிக்கல். அந்தப் 10 விநாடி விதி பார்ப்பது கடிகாரத்தை; கைரேகையை அல்ல. ஒரு வரி சேர்க்கிறீர்கள், சேவ். ஒரு நிமிஷம் கழித்துப் பிடிக்கவில்லை, அழிக்கிறீர்கள், சேவ். பழைய நிலைக்கே வந்தாயிற்று. ஆனால் இரண்டு இடம் காலி!

இப்படியே ஒரு மத்தியானம் முழுக்கக் கை துறுதுறுவென்று சேவ் செய்தால், 51-வது பதிவு வரும்போது வரிசையில் மூத்தது வெளியே போகும். அது, போன வாரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த புரோகிராமாக இருக்கலாம். உள்ளே உட்கார்ந்திருப்பவை ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகளாக இருக்கலாம்.

எனவே, வீட்டில் புரோகிராம் எழுதுகிற பிள்ளை இருந்தால் சொல்லிவையுங்கள். எடிட்டரின் ஞாபகம் ஆபத்துக்கு உதவும். ஆனால், அதை மட்டும் நம்பக்கூடாது. வேலை ஒழுங்காக ஓடுகிற அந்த நிமிஷத்திலேயே கிட்டிடம் ஒப்படைத்துவிட வேண்டும். 50 நகல் இருக்கிறதே என்று தைரியமாக இருப்பதைவிட, தேவையான ஒன்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.