ஐந்து கட்டைத் தொண்டை

நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவனுக்கு நடிகரைப் பற்றி முதலில் தெரிய வேண்டியது ஒன்றுதான்: எத்தனை கட்டை? பேரும் ஊரும் அப்புறம். பெட்டியின் வெள்ளைக் கட்டைகளை ஒன்றிலிருந்து எண்ணிக்கொண்டு போனால், ஆண் குரல் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, மிஞ்சினால் இரண்டில் நிற்கும். ஐந்து என்பது பெண் குரலின் இடம். அந்தக் காலத்துப் பேர்பெற்ற ராஜபார்ட்டுகள், நாயக வேஷக்காரர்கள், அந்த ஐந்தில் பாடினார்கள். அன்றைய ரசனை அப்படி என்று இதற்கு இன்று விளக்கம் சொல்கிறார்கள். ரசனை பிறகு வந்தது. முதலில், மைக் இல்லை.

எங்கள் எக்கியார்குப்பத்து ஆளுக்கு இதைப் புரியவைக்க அதிகம் பேச வேண்டாம். கிழக்கே கடல், மேற்கே கழியும் மரக்காணத்து உப்பளமும். காற்றைத் தடுக்க ஒன்றும் கிடையாது. கரையில் நின்று படகுக்காரரைக் கூப்பிடுகிற எங்கள் பெண்களுக்கு எந்தச் சுருதியில் கத்தினால் சொல் போய்ச் சேரும் என்று தெரியும். எங்கள் பக்கம் கூத்துச் சீமை. கூத்தில் ஜனங்கள் சுற்றி நெருங்கி உட்காருவார்கள். நாடகக்காரரோ கொட்டகை போட்டு, சீன் தொங்கவிட்டு, கடைசி வரிசை டிக்கெட்காரனுக்கும் ‘ப’வும் ‘ம’வும் தனித்தனியாகக் கேட்கும்படி விடிய விடியப் பாட வேண்டும். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பார்கள். நல்லியக்கோடனைத் தேடிப்போன பாணருக்கு இந்தக் கரையில் சுட்ட மீன் கிடைத்ததாம். பாடிப் பிழைக்கிறவனுக்குச் சாப்பாடு போட்ட பழைய ஊர் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அந்த ஐந்து கட்டைத் தொண்டைகளுக்குப் பாட்டு எழுதியவர் எங்களுக்குப் பக்கத்தில்தான் அடங்கியிருக்கிறார். தூத்துக்குடிப் பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் இறந்தார். சமாதி கருவடிக்குப்பத்தில். அவரும் நடிகராக இருந்தவர்தான். எமன், சனீஸ்வரன், இரணியன் வேஷங்கள். சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் ஆற்றங்கரைக்குப் போனவரைக் கண்டு ஒரு கர்ப்பிணி மிரண்டு உயிரை விட்டாள், அதோடு வேஷம் கட்டுவதையே நிறுத்திவிட்டார் என்பது நாடகக்காரர் வழிவழியாகச் சொல்லும் கதை. இருக்கலாம். பெரியவர்களை விட்டுப் பையன்களை நடிக்கப் பழக்க அவர் போனதற்குக் காரணம் வேறு. வளர்ந்த நடிகன் எழுதிக் கொடுத்த வசனத்தை மதிக்க மாட்டான். மேடை ஏறினால் இஷ்டத்துக்குப் பேசுவான். பையன் சொன்னதைச் செய்வான்.

1910இல் அவர் தொடங்கியது சமரச சன்மார்க்க நாடக சபை, 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. இரண்டாவதில் ஆறு வயதில் சேர்ந்த தி.க.சண்முகத்துக்காக ‘அபிமன்யு சுந்தரி’யை சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார். பாய்ஸ் கம்பெனி என்றால் சாப்பாடு, படுக்கை, பாடம், அடி எல்லாம் ஒரே இடத்தில். சன்னமான குரல் இருந்தால் ஸ்திரீபார்ட், பெண் வேஷம். ஊர் ஊராகப் பேர் வாங்கும்போதே பதினாலு, பதினைந்து வயதில் மகரக்கட்டு வந்துவிடும். நேற்று வரை ஐந்தில் பாடியவனுக்கு இன்று வாயைத் திறந்தால் தவளைச் சத்தம். எத்தனையோ பையன்களின் தொழில் அங்கேயே முடிந்தது. புதுக்கோட்டை பி.யு.சின்னப்பா குரல் உடைந்து கம்பெனியை விட்டவர். குஸ்தி, சிலம்பம் என்று உடம்பைத் தேற்றிக்கொண்டு, குரல் திரும்பிய பிறகு மேடைக்கும் சினிமாவுக்கும் வந்தார். எல்லோருக்கும் திரும்புவதில்லை.

எஸ்.ஜி.கிட்டப்பாவைத்தான் உச்சம் என்பார் எனக்குப் பெட்டி பழக்கிய வாத்தியார். செங்கோட்டையில் 1906இல் பிறந்து, சிறுவனாகவே மேடையேறி, கன்னையா கம்பெனியில் கொடிகட்டிப் பறந்து, 1933 டிசம்பரில் இருபத்தேழு வயதில் போய்விட்டவர். எனக்கோ அவர் மனைவி கே.பி.சுந்தராம்பாள்தான் பெரிது. கொடுமுடியில் 1908இல் பிறந்தவர். ரயிலில் பாடிக்கொண்டிருந்த குழந்தையை நாடகத்துக்கு அழைத்துப் போனதாகச் சொல்வார்கள். இலங்கை மேடையில் கிட்டப்பாவோடு ஜோடி சேர்ந்தார். கிட்டப்பா இறந்தபின் வெள்ளைச் சேலை. ஆணுக்கு ஜோடியாக நடிக்கவே மாட்டேன் என்றார். 1935இல் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வாங்கியபோதும் அவர் ஏற்றது நந்தனார் வேஷம், ஆண் வேஷம். 1953இல் ஔவையார். இடையில், 1951இல், சட்ட மேலவை உறுப்பினர்.

அதே 1908இல் நியூயார்க்கில் பிறந்தவர் எதெல் மெர்மன். சுருக்கெழுத்து வேலை பார்த்துவந்த பெண்; 1930இல் பிராட்வேயில் ‘கேர்ள் கிரேஸி’யில் ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்துக் கொட்டகையை எழுந்து நிற்கவைத்தார். அவருக்கும் மைக் கிடையாது. அவருக்கும் கடைசி வரிசைதான் கணக்கு. ஆனால் பிராட்வே நடிகருக்கு ஒரே கொட்டகை, ஒரே எழுத்து, அதே ஜோடி, வாரத்துக்கு எட்டு ஆட்டம். எங்கள் ஸ்பெஷல் நாடகத்தில் ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். தனித்தனியாகப் பேசி, தனித்தனியாக பஸ் ஏறி வந்து சேருவார்கள். ஒத்திகை கிடையாது. ‘வள்ளி திருமண’த்தில் வள்ளியும் நாரதரும் தர்க்கம் செய்யும்போது அவள் எதைக் கேட்பாள் என்று அவருக்கே தெரியாது. பெட்டிக்காரன் இருவர் வாயையும் பார்த்துக்கொண்டே விரலை நகர்த்த வேண்டும். மெர்மனை இதில் ஒரு ராத்திரி நிறுத்திப் பார்க்க எனக்கு ஆசை.

ராஜபார்ட்டுக்கு ஓய்வு வயது என்று ஒன்று இல்லை. ராஜபார்ட் விசுவநாததாஸ் மேடையில் தேசியப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை போனவர். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை ராயல் தியேட்டரில் முருகன் வேஷத்தில் மயில் ஆசனத்தில் இருந்தபடியே உயிர் பிரிந்தது.

தொழிலை மாற்றியது சினிமா என்று மொத்தமாகச் சொல்வது சரியில்லை. தொடக்கத்தில் சினிமாவும் இந்தத் தொண்டைகளைத்தான் தேடியது. 1934இல் தியாகராஜ பாகவதரின் ‘பவளக்கொடி’ நாடகம் ஐம்பது பாட்டோடு படமானது. உண்மையான அடி விழுந்தது 1938இல், ‘நந்தகுமார்’ படத்தில் தயாரிப்பாளர் ஏ.வி.மெய்யப்பன், ஒருவர் நடிக்க இன்னொருவரைப் பாடவைத்தபோது. நடிக்கிறவன் பாட வேண்டியதில்லை என்றானபின் ஐந்து கட்டைக்கு விலை ஏது? கிராமத்து மேடைக்கு ஒலிபெருக்கி வந்ததும் அங்கேயும் அதே கதை.

நவம்பர் 13 வந்தால் நாடகக்காரர்கள் கருவடிக்குப்பத்துக்கு வருகிறார்கள். மாலை போட்டு, சுவாமிகள் பாட்டைப் பாடுகிறார்கள். வயதானவர்கள் உச்சத்துக்கு ஏறும்போது கழுத்து நரம்பு புடைக்கும். பெரிய வித்துவான் போல அவர்களைப் பாராட்டிவிட்டு நான் ஊர் திரும்புகிறேன். அடுத்த ஆட்டத்தில் ஒரு சின்னப் பையன், ராஜபார்ட், “அண்ணே, ரெண்டுல போடுங்க, மைக் இருக்குல்ல” என்கிறான். வாத்தியார் இருந்திருந்தால் பெட்டியை மூடிக்கொண்டு எழுந்திருப்பார். நான் இரண்டிலேயே வாசிக்கிறேன். நாளைக்கும் அவனுக்கு வேறு ஊரில் ஆட்டம் இருக்கிறது.