பொதியிலின் பாதணி மலர்

இதழொன்று பாதணி போற் குழிந்திருத்தலின் 'பாதணி ஓர்க்கிட்' எனப்படும் மலரினம் ஈழத்தில் இயல்பாக வளர்வதில்லை. மடுவின் வறண்ட காடுகளுக்கு ஏற்றவை மரத்திற் பற்றி வளரும் வண்டா முதலியனவே. தென்னிந்தியாவில் அவ்வினத்துச் செடி ஒன்றே உண்டு. அது அகத்தியரோடு தொடர்புறுத்தப்படும் பொதியில் மலைத்தொடருக்கே உரியது.

1865இல் கேணல் டுரூரி அதனைக் கண்டார். 1874இல் பெடோம் என்பார் முன்னவர் பெயரையே அதற்குச் சூட்டினார். இங்கிலாந்தில் டொமினி உருவாக்கிய இவ்வினத்தின் முதற் கலப்புச் செடி 1869இலேயே பூத்திருந்தது. மேலைநாட்டுக் கண்ணாடி மனைகளிற் கலப்பினங்கள் பெருக, பொதியிற் செடியோ பறிப்போர் கையில் அருகிற்று. அழிந்ததெனக் கருதப்பட்ட அது 1972இல் மீண்டும் காணப்பட்டது.

காட்டிலிருந்து எடுத்தவற்றின் பன்னாட்டு வாணிகம் 1990 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. வீட்டில் வளர்ப்போர் விதையிலிருந்து வளர்த்த செடியையே நாடுவாராயின், பொதியிலின் செல்வம் பொதியிலிலேயே நிலைக்கும்.