இரு தரப்பும் உண்மையும்

1878-ஆம் ஆண்டில் முத்துசாமி ஐயர் உயர் நீதிமன்ற நீதிபதியாக நியமிக்கப்பட்டபோது, ஆங்கிலேயர் நடத்திய பத்திரிகைகள் அதைக் குறைகூறின. அந்த ஒருசார்புக்கு விடையாகவே சென்னை இளைஞர் அறுவர் ‘தி இந்து’ பத்திரிகையைத் தொடங்கினர். ஒரு குரலுக்கு மறுகுரல் வேண்டும் என்பது அவர்கள் காட்டிய வழி. ஆயினும், இரு குரல்களையும் அருகருகே அச்சிட்டுவிட்டால் நடுநிலை ஆகிவிடுமா?

மாணவர்களே, 2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நச்சுச் சாராயம் அருந்தியோரில் 60 பேருக்கு மேல் மாண்டனர். முதல் மரணங்களுக்குக் கள்ளச்சாராயம் காரணமன்று என அதிகாரிகள் தரப்பில் முதலில் கூறப்பட்டது. சாராயமே காரணம் என்றனர் ஊரார். இத்தகைய வேளையில் இரண்டையும் எழுதிவிட்டு ஒதுங்குவது நடுநிலையன்று. எது மெய் என்று மருத்துவமனையிலும் தெருவிலும் விசாரித்தறிவதே நிருபரின் கடமை. தாமதமாகும் ஒவ்வொரு நாழிகையும் இன்னோர் உயிரைப் பறிக்கக்கூடும்.

பிழை மறுபுறமும் நேரும். சாராயம் என்றதும் கல்வராயன் மலையைச் சுட்டுவோர் பலர். அங்கே சாராயம் காய்ச்சப்பட்டதை நான் மறுக்கவில்லை. ஆனால் கருணாபுரத்தில் உயிர் குடித்த மெத்தனால், ஆலைகளுக்குரிய வேதிப்பொருள். சிலர் செய்த குற்றத்துக்காக மலைவாழ் மக்கள் அனைவர்மீதும் பழி சுமத்தும் தலைப்பு, அவர்களுடைய சாலை, மருத்துவக் குறைகளை மறைத்துவிடுகிறது.

ஆகவே, செய்தி படிக்கும்போது ஒன்று கேளுங்கள்: இதை எழுதியவர் எங்கே சென்றார்? யாரைக் கண்டார்? தவறு தெரிந்தபின் திருத்தினாரா?