கிங்ஸ்டன் முதல் கிள்ளான் வரை: ஸ்கா இசை பிழைத்திருக்குமா?

திருமண விருந்து என்றால் ஒரு காலத்தில் மேடையில் எட்டுப் பேராவது இருப்பார்கள். கீபோர்டு, கிட்டார், டிரம்ஸ், தபேலா, இரண்டு பாடகர்கள், ஒரு பாடகி, நடுவில் ஓர் அறிவிப்பாளர். கிள்ளானிலும் பிரிக்பீல்ட்சிலும் இப்படிப்பட்ட இசைக்குழுக்களில் வாசித்து வீட்டுச் செலவைச் சமாளித்தவர்கள் உண்டு. இன்று பல விருந்துகளில் அந்த எட்டுப் பேரின் இடத்தில் ஒரு மடிக்கணினியும் இரண்டு ஒலிபெருக்கிகளும் நிற்கின்றன. செலவு குறைவு. இடமும் மிச்சம். ஆனால், வாசித்த கைகள் எங்கே போயின?

இந்தக் கேள்வியை நம்மைப் போலவே கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொரு இசை உலகம் இருக்கிறது. அதன் பெயர் ‘ஸ்கா’. கரீபியக் கடலில் உள்ள ஜமைக்கா தீவில் பிறந்தது. ரெக்கே இசைக்குத் தாய் என்று சொல்லத்தக்கது. மகள் உலகப் புகழ் பெற்றுவிட்டாள். 2018-இல் யுனெஸ்கோ ரெக்கேவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. தாயைத்தான் பலருக்குத் தெரியவில்லை. ‘ஸ்கா செத்துவிட்டது’ என்று இதுவரை மூன்று முறை சொல்லிவிட்டார்கள். மூன்று முறையும் அது வேறோர் ஊரில் எழுந்து நின்றது. நான்காவது முறையும் எழுமா? எழுந்தால், அந்த ஊர்களில் ஒன்றாகக் கிள்ளான் பள்ளத்தாக்கும் இருக்குமா?

இடைவெளியில் விழும் தாளம்

ஸ்கா என்றால் என்ன என்று புரிந்துகொள்ள இசைப் படிப்பு தேவையில்லை. கையால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று தாளம் போடுங்கள். சாதாரணப் பாட்டில் கை விழும் இடத்தில்தான் அழுத்தம் விழும். ஸ்காவில், ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவிலுள்ள வெற்றிடத்தில் கிட்டாரும் பியானோவும் சுருக்கென்று வெட்டும். கர்நாடக இசை கேட்பவர்களுக்கு, தாளம் தொடங்கிய பிறகு பாட்டு தொடங்கும் அனாகத எடுப்பு ஓரளவு நினைவுக்கு வரலாம். அந்த வெட்டுக்கு மேலே டிரம்பெட், டிராம்போன், சாக்சபோன் மூன்றும் சேர்ந்து ஊதும். கேட்பவர் காலைச் சும்மா வைத்திருக்க முடியாது.

பதிவுத்தட்டு வரவில்லை, பாட்டு பிறந்தது

1950-களில் கிங்ஸ்டன் நகர ஏழைகளுக்கு நடன மண்டபத்துக்குப் போகப் பணமில்லை. தெருவிலேயே பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி, அமெரிக்கப் பதிவுத்தட்டுகளைப் போட்டு ஆட வைக்கும் ‘சவுண்ட் சிஸ்டம்’ தொழில் அங்கே வளர்ந்தது. காக்சன் டாட், டியூக் ரீட் ஆகிய இருவருக்கும் கடும் போட்டி. எந்தப் பாட்டைப் போடுகிறோம் என்று எதிராளிக்குத் தெரியக்கூடாது என்பதற்காகத் தட்டின் மேலுள்ள பெயர்ச்சீட்டையே சுரண்டி எடுத்துவிடுவார்கள்.

பிறகு அமெரிக்காவில் ரசனை மாறியது. ராக் அண்ட் ரோல் வந்தது. கிங்ஸ்டன் மக்கள் விரும்பிய பழைய பாணிப் பாடல்கள் அங்கிருந்து வருவது குறைந்தது. போட்டியில் நிற்க வேண்டுமே! வேறு வழியில்லாமல் சவுண்ட் சிஸ்டக்காரர்கள் உள்ளூர்க் கலைஞர்களை அழைத்துத் தாங்களே பாடல்களைப் பதிவு செய்யத் தொடங்கினார்கள். அந்த முயற்சியில் வந்ததுதான் ஸ்கா. 1962 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஜமைக்கா சுதந்திரம் பெற்றபோது, புதிய நாட்டின் குரலாக ஒலித்தது அந்த இசையே.

அதில் நம் நாட்டு வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. கிங்ஸ்டனின் முதல் பெரிய சவுண்ட் சிஸ்டங்களில் ஒன்றை நடத்திய டாம் வோங், சீன வம்சாவளியினர். 1962-இல் இளம் பாப் மார்லியின் முதல் பாடலைப் பதிவு செய்த லெஸ்லி காங்கும் சீன வம்சாவளியினரே. 1845 முதல் 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக அதே தீவின் கரும்புத் தோட்டங்களில் இறக்கப்பட்டார்கள். பல இனங்களைக் கப்பலில் ஏற்றி ஒரே மண்ணில் இறக்கிய அதே வெள்ளைக்கார ஆட்சியின் கீழ்தான் மலாயாவும் இருந்தது.

அனாதைப் பள்ளியின் டிரம்பெட்

ஸ்காவின் புகழ்பெற்ற குழு ‘ஸ்காட்டலைட்ஸ்’. 1964-இல் அமைந்தது. அதன் தூண்களான டான் டிரம்மண்ட், டாமி மெக்குக், ஜானி மூர், லெஸ்டர் ஸ்டெர்லிங் ஆகியோர் ஒரே பள்ளியிலிருந்து வந்தவர்கள். கிங்ஸ்டனில் கன்னியாஸ்திரீகள் நடத்திய ஆல்பா ஆண்கள் பள்ளி அது. பெற்றோரால் வளர்க்க முடியாத பிள்ளைகள், ‘அடங்காத பையன்’ என்று பெயரெடுத்தவர்கள் அங்கே சேர்க்கப்பட்டார்கள். சிஸ்டர் இக்னேஷியஸ் என்ற கன்னியாஸ்திரீ அந்தப் பிள்ளைகளின் இசையார்வத்தை ஊக்குவித்தார். தெருவில் தொலைந்திருக்க வேண்டிய பிள்ளைகள் ஒரு நாட்டின் இசையையே உருவாக்கினார்கள்.

இன்னொரு நிகழ்ச்சியும் முக்கியம். 1960-ஆம் ஆண்டு வாக்கில் பிரின்ஸ் பஸ்டர் என்ற தயாரிப்பாளர், ராஸ்தஃபாரி சமயத்தைச் சேர்ந்த கவுண்ட் ஓசியின் மேளக் குழுவை ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அழைத்து வந்தார். மேல்தட்டு மக்கள் முகம் சுளித்த மேளம் அது. அந்த மேளத்தோடு வெளிவந்த ‘ஓ கரோலினா’ பாடல் தீவு முழுவதும் ஒலித்தது. தாழ்வாகப் பார்க்கப்பட்ட தோலிசைக் கருவி, ஒரே பாட்டில் நாட்டின் சொத்தாக மாறியது. உறுமி மேளத்தைப் பற்றி நம்மிடையே நடக்கும் வாக்குவாதங்களை அறிந்தவர்கள் இதைச் சற்றே நினைத்துப் பார்க்கலாம்.

ஊர் மாறி, உயிர் மாறி

1964-இல் மில்லி ஸ்மால் என்ற இளம்பெண் பாடிய ‘மை பாய் லாலிபாப்’ இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. ஆனால் ஜமைக்காவிலேயே 1966 வாக்கில் தாளம் மெதுவாகி ராக்ஸ்டெடி ஆனது. 1968 வாக்கில் ரெக்கே பிறந்தது. ஸ்காவின் கதை முடிந்தது என்றார்கள். அது முதல் சாவு.

பத்தாண்டுகள் கழித்து இங்கிலாந்தில் உயிர் வந்தது. கார்த் தொழிற்சாலைகள் ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த கோவென்ட்ரி நகரில், 1979-இல் ஜெர்ரி டேமர்ஸ் ‘டூ டோன்’ என்ற இசைநிறுவனத்தைத் தொடங்கினார். அவருடைய ‘தி ஸ்பெஷல்ஸ்’ குழுவில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே மேடையில் நின்றார்கள். இனவெறி தலைதூக்கியிருந்த நேரம் அது. 1981-இல் இங்கிலாந்து நகரங்களில் கலவரம் மூண்டபோது, வேலையின்மையைப் பாடிய அவர்களின் ‘கோஸ்ட் டவுன்’ முதலிடத்தில் இருந்தது. அதே ஆண்டு குழு உடைந்தது. இரண்டாம் சாவு.

1990-களில் அமெரிக்க இளைஞர்கள் ஸ்காவைப் பங்க் இசையோடு கலந்தார்கள். சில ஆண்டுகள் வானொலி எங்கும் அதுதான். பிறகு அதையே கேலிப் பொருளாக்கினார்கள். மூன்றாம் சாவு.

இன்றைய நிலை என்ன? 1980-களில் தொடங்கிய ‘டோக்கியோ ஸ்கா பாரடைஸ் ஆர்கெஸ்ட்ரா’ இன்னும் மேடையில் நிற்கிறது. மெக்சிகோவில் ஸ்காவுக்கென்றே பெரும் கூட்டம் திரள்கிறது. இந்தோனேசியாவில் ஜகார்த்தாவின் ‘டிப்பே எக்ஸ்’ ஒரு தலைமுறையை ஆட வைத்தது. டில்லியில் 2009-இல் தொடங்கிய ‘தி ஸ்கா வெஞ்சர்ஸ்’ அரசியல் வரிகளோடு ஸ்கா பாடியது. அமெரிக்காவிலும் 2020-ஐ ஒட்டி ‘நியூ டோன்’ என்ற பெயரில் புதிய தலைமுறை எழுந்திருக்கிறது. பெரிய நிறுவனங்களின் பட்டியல்களில் ஸ்காவுக்கு இடமில்லை. சிறிய அரங்குகளில் இருக்கிறது.

பிரிக்பீல்ட்சின் பங்கு

மலேசியாவிலும் இந்தத் தாளம் அந்நியமல்ல. கோலாலம்பூரின் ‘கெர்ஹானா ஸ்காசிந்தா’ குழு ஊதுகருவிகளோடு மலாய் மொழியில் ஸ்கா பாடி 2000-களில் பெயர் பெற்றது. ‘பிளேக் ஆஃப் ஹேப்பினஸ்’ வேகமான ஸ்காவை வாசித்தது. ரெக்கே பக்கம் ‘ரிபப்ளிக் ஆஃப் பிரிக்பீல்ட்ஸ்’ என்ற குழு, நம் வட்டாரத்தின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. நம்மவரான சசி தி டான், ரெக்கேயையும் டான்ஸ்ஹாலையும் தம் பாணியாக்கிக்கொண்டார்.

பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயர் சும்மா வரவில்லை. 1881-இல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு நகரைச் செங்கல்லால் கட்ட முடிவானது. அதற்கான சூளைகள் இருந்த இடம் இது. பிறகு இரயில்வே வந்தது. தமிழகத் தொழிலாளரும் யாழ்ப்பாணத்து எழுத்தர்களும் குடியேறினர். கிள்ளானைச் சுற்றி இரப்பர்த் தோட்டங்கள். துரையைக் கண்டால் தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எதிர்த்தும், கூலி உயர்வு கேட்டும் 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஜமைக்காவின் கிராமத்து ஏழைகள் கிங்ஸ்டனுக்கு வந்ததைப் போல, தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறியபோது இவர்களின் பிள்ளைகள் அடுக்குமாடிகளுக்கு வந்தார்கள். இசை பிறப்பதற்கான மண் இரண்டிலும் ஒன்றே.

இசையும் பிறக்காமல் இல்லை. பினாங்கிலிருந்து வந்த டேவிட் ஆறுமுகம், லோகநாதன் சகோதரர்களின் ‘அலிகேட்ஸ்’ மலாய்ப் பாடல்களால் நாட்டையே கவர்ந்தது. மறைந்த டார்க்கி நாகராஜாவின் ‘தி கீஸ்’ குழு உள்ளூர்ப் பேச்சையே பாட்டாக்கியது. 1998-இல் ‘பொயட்டிக் அம்மோ’ ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டோனீஸ் என நான்கு மொழிகளை ஒரே இசைத்தட்டில் சேர்த்தது. 2006-இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் மூவரும் ‘வல்லவன்’ இசைத்தட்டைக் கொண்டு வந்தார்கள். ‘நிழல்கள்’ (1980) படத்தில் இளையராஜா அமைத்த ‘மடை திறந்து’ புதிய வேகத்தில் வந்தது. தமிழகமே திரும்பிப் பார்த்தது. அடுத்த ஆண்டே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பி பாடினார்.

சினிமாப் பாட்டை எடுத்தது குறையா? இல்லை. ஸ்காட்டலைட்சின் பெரிய வெற்றியே ‘கன்ஸ் ஆஃப் நவரோன்’ என்ற 1961-ஆம் ஆண்டுத் திரைப்பட இசைதான். அவர்கள் அதைத் தங்கள் தாளத்தில் வாசித்தார்கள், அது அவர்களுடையதானது.

இரண்டு குரல்கள்

மன்றத்தில் இந்தத் தலைப்பை வைத்தால் இரண்டு குரல்கள் எழும். ஜமைக்கா இசை நமக்கு எதற்கு, நம் மரபு போதாதா என்பது ஒன்று. பாலுசாமி தீட்சிதர் காலத்தில் வயலின் நம் இசைக்குள் வந்தது. இன்று அதை அந்நியம் என்பார் யார்? கத்ரி கோபால்நாத் சாக்சபோனில் ராகம் வாசித்தார். 1994-இல் ‘டூயட்’ படத்தில் அதைக் கேட்டு உருகியவர்கள் நாம்தானே? கருவி எங்கிருந்து வந்தது என்பதைவிட, அதில் நாம் என்ன சொல்கிறோம் என்பதே கேள்வி.

இரண்டாவது குரலுக்கு அவ்வளவு எளிதில் பதில் சொல்ல முடியாது. ‘பணத்துக்கு எங்கே போவது?’ ஸ்கா குழுவுக்கு எட்டுப் பத்துப் பேர் வேண்டும். ஒரு மேடைக்குக் கிடைக்கும் வெள்ளியைப் பத்தாகப் பிரித்தால் பெட்ரோலுக்கே சரியாகிவிடும். ஹிப் ஹாப்புக்கு ஒரு கணினியும் ஓர் ஒலிவாங்கியும் போதும். நம் இளைஞர்கள் அந்தப் பக்கம் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ரசிகர்கள் பணம் கொடுக்கத் தயங்குகிறார்கள் என்றும் சொல்ல முடியாது. 2023 ஜனவரியில் ஏ.ஆர்.ரஹ்மான் வந்தபோது புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் கூட்டம் அலைமோதியது. உள்ளூர்க் கலைஞர் என்றால் மட்டும் ‘இலவச நுழைவா?’ என்று கேட்கிறோம். ஜமைக்காவுக்குத் தட்டு வராமல் போனது அதிர்ஷ்டம். நமக்குச் சென்னையிலிருந்து வரத்து நிற்கவே இல்லை. அதனால் சொந்தமாகச் செய்ய வேண்டிய கட்டாயமும் வரவில்லை.

எங்கே தொடங்குவது?

ஆனாலும் பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும் பழக்கம் நம்மிடம் அழிந்துவிடவில்லை. உறுமி மேளக் குழுக்களைப் பாருங்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிகளில் வேலை முடிந்து வந்த இளைஞர்கள் தாங்களே கற்று, தம்பிகளுக்கும் கற்றுக் கொடுத்து, தைப்பூசத்துக்குப் பத்துமலைக்கு வருகிறார்கள். அவர்களைப் பற்றி வரும் குறைகள் பலருக்கும் தெரியும். கூச்சல், தகராறு, குண்டர் கும்பல் என்ற சந்தேகம். அவர்களின் ஒழுங்கான பயிற்சியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அடங்காத பையன்கள் என்று பெயர் வாங்கியவர்கள் கையில் டிரம்பெட்டைக் கொடுத்த ஆல்பா பள்ளி என்ன செய்தது என்பதை வரலாறு காட்டிவிட்டது. உறுமிக்குப் பக்கத்தில் ஒரு சாக்சபோனையும் டிராம்போனையும் நிறுத்திப் பார்த்தால், அதிலிருந்து பிறப்பது ஸ்காவாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. கிள்ளானுக்கே உரிய புதிய பெயர் அதற்குக் கிடைக்கலாம்.

அதற்குப் பெரிய அறிவிப்புகள் தேவையில்லை. இடைநிலைப்பள்ளிகளின் பேண்டு வாத்தியக் குழுக்களில் ஊதப் பழகிய நம் பிள்ளைகள், பள்ளி முடிந்ததும் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இசையையே மறந்துவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு பயிற்சி அறை வேண்டும். ஆலயங்களும் இளைஞர் இயக்கங்களும் மண்டபத்தை வாரம் ஒரு மாலை திறந்து விடலாம். தமிழ் வானொலிகள் உள்ளூர்க் குழுக்களின் நேரடி வாசிப்புக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். திருமணம் செய்யும் குடும்பங்கள், விருந்தில் அரை மணி நேரமாவது மனிதர்கள் வாசிக்கட்டும் என்று முடிவெடுக்கலாம்.

ஸ்கா பிழைக்குமா என்ற கேள்விக்கு அதன் வரலாறே பதில் சொல்கிறது. எங்கெல்லாம் பல இனத்துப் பிள்ளைகள் ஒரே தெருவில் வளர்ந்தார்களோ, யாரோ ஒருவர் அவர்கள் கையில் கருவியைக் கொடுத்தாரோ, அங்கெல்லாம் அது பிழைத்தது. நம்மிடம் தெரு இருக்கிறது. பிள்ளைகள் இருக்கிறார்கள். கருவியைக் கொடுக்கும் கை எது?