கடல்நீர்நாய் வேட்டையும் அலூட் மக்களின் உழைப்பும் (1741–1911)

முன்னுரை

உலகில் வாழும் நீர்நாய் இனங்கள் 13 எனப் பொதுவாகக் கணக்கிடப்படுகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஆறு, குளம், கழிமுகம் சார்ந்தவை. சங்க அகப்பாடல்களில் வாளை மீனை இரையாகத் தேடும் நீர்நாயும் மருதநிலத்து நன்னீர் விலங்கே. வடபசிபிக் கரையோரத்தில் வாழும் கடல்நீர்நாய் இவற்றினின்று வேறுபட்டது. உண்பது, உறங்குவது, குட்டி ஈனுவது யாவும் அதற்குக் கடலிலேயே நிகழக்கூடும். எனினும் திமிங்கிலத்துக்கும் கடற்சிங்கத்துக்கும் உள்ள கொழுப்புப் படலம் அதற்கு இல்லை. ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட மயிரிழைகள் அடர்ந்த தோலே அதனைக் குளிரினின்று காக்கிறது. அந்த உரோமமே அதன் அழிவுக்குக் காரணமாயிற்று என்பது நன்கு அறியப்பட்ட செய்தி. அவ்வேட்டையை நிகழ்த்திய கைகள் யாருடையவை, அக்கைகள் எவ்வாறு பணியில் அமர்த்தப்பட்டன என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

பெரிங் தீவும் சீனச் சந்தையும்

1741இல் விட்டஸ் பெரிங் தலைமையில் சென்ற ‘புனித பீட்டர்’ என்னும் உருசியக் கப்பல், கம்சாத்காவுக்குக் கிழக்கே ஆளில்லாத் தீவொன்றில் கரைதட்டியது. பெரிங் அவ்வாண்டு டிசம்பரில் அங்கேயே இறந்தார். உடன் சென்ற இயற்கையியலாளர் கியோர்க் ஸ்டெல்லர் கடல்நீர்நாயை நேரில் கண்டு விரிவாக எழுதினார். அந்நூல் அவர் மறைந்த பின்னரே, 1751இல் வெளிவந்தது. உயிர் பிழைத்தோர் உடைந்த கப்பலின் மரத்தைக் கொண்டு சிறு கலம் ஒன்றைக் கட்டி, நூற்றுக்கணக்கான தோல்களுடன் 1742இல் கம்சாத்கா திரும்பினர். அடுத்த ஆண்டே வணிகர் கடலில் இறங்கினர். 1727ஆம் ஆண்டு உடன்படிக்கையால் நிலைபெற்ற கியாக்தா எல்லைச் சந்தையில் சீனர் இத்தோலுக்கு உயர்ந்த விலை கொடுத்தனர்.

மனிதரை அறியாத பெரிங் தீவு விலங்குகளைத் தடிகொண்டே கொல்ல முடிந்தது. சில ஆண்டுகளில் அங்கு அவை அருகிவிடவே, வணிகர் கிழக்கு நோக்கி அலூசியன் தீவுகளுக்கு நகர்ந்தனர். அங்கே வேட்டையின் தன்மையே மாறியது.

வேட்டைத் திறனும் கட்டாய உழைப்பும்

சைபீரியக் காடுகளில் பொறிவைத்துப் பழகிய உருசியருக்குத் திறந்த கடலில் வேட்டையாடும் திறன் இல்லை. அத்திறன் அலூட் மக்களிடமே இருந்தது. இவர்கள் தம்மை உனாங்கன் என்று அழைத்துக்கொள்பவர்கள். மரச்சட்டத்தின் மீது கடற்சிங்கத் தோலைப் போர்த்திச் செய்த இலேசான படகுகளில் பலர் சேர்ந்து செல்வர். நீர்நாய் மூழ்கியதும் அவ்விடத்தைச் சுற்றிப் படகுகள் வளையமாக நிற்கும். மூச்சுவாங்க அது மேலே வரும்போதெல்லாம் எறிபலகையால் ஈட்டி வீசப்படும். ஒவ்வொரு முறையும் மூழ்கியிருக்கும் நேரம் குறைந்து, இறுதியில் விலங்கு களைத்துச் சிக்கும். சிறு வயதிலேயே பயிற்சி தொடங்கினாலன்றி இக்கலை கைவராது.

ஆகவே உருசிய வணிகருக்குத் தேவைப்பட்டவை நிலமோ கனிமமோ அல்ல; வேட்டைக்காரர்களே. சைபீரியாவில் கையாண்ட முறையை அவர்கள் இங்கும் புகுத்தினர். உறவினரைப் பிணையாகப் பிடித்து வைத்து, ஆடவரிடம் தோலைத் திறையாகப் பெற்றனர். ஆடவர் நீர்நாயைத் துரத்திய மாதங்கள், குளிர்காலத்துக்கு உணவு சேர்க்க வேண்டிய மாதங்களும் ஆகும். எனவே இது உழைப்புச் சுரண்டலோடு நில்லாமல் ஊர்களைப் பட்டினிக்கும் உள்ளாக்கியது. 1763–64இல் உனலாஸ்கா, உம்னாக் தீவினர் திரண்டெழுந்து உருசியக் கப்பல்களை அழித்தனர். அதற்குக் கிடைத்த பதிலடி மிகக் கொடியது. அதனோடு புதிய நோய்களும் சேர, அம்மக்கள்தொகையின் பெரும்பகுதி அழிந்தது.

1788இல் பேரரசி கேத்தரின் திறை வாங்குவதைத் தடைசெய்தார். ஆனால் திறையின் இடத்தைக் கட்டாயப் பணி பிடித்துக்கொண்டது. 1799இல் தனியுரிமை பெற்ற உருசிய-அமெரிக்கக் குழுமத்துக்கு, 18 முதல் 50 வயதுவரையுள்ள ஆடவரில் பாதிப் பேரைப் பணிக்கு அழைக்கும் உரிமையை 1821ஆம் ஆண்டுப் பட்டயம் எழுத்திலேயே வழங்கியது. அதே 1799இல், சிட்கா பகுதியிலிருந்து திரும்பிய வேட்டைக்குழுவினர் நஞ்சேறிய சிப்பிகளை உண்டதால் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்நீரிணை இன்றும் ‘பேரிடர் நீரிணை’ என்ற பொருளுடைய பெயரையே தாங்கி நிற்கிறது.

குக்கின் மாலுமிகள் 1779இல் காண்டனில் சிறந்த தோல் ஒன்றை 120 டாலர் வரை விற்ற செய்தி பரவியபின் பிரித்தானியரும் அமெரிக்கரும் போட்டிக்கு வந்தனர். இவர்கள் பெரும்பாலும் கரையோரப் பழங்குடியினரிடம் தோலை விலைக்கு வாங்கினர். கலிபோர்னியக் கடலில் தாமே வேட்டை நடத்த விரும்பிய அமெரிக்கக் கப்பல் தலைவர் ஜோசப் ஓகெய்ன், 1803இல் குழும நிர்வாகி பரானோவிடம் வேட்டைக்காரர்களையும் படகுகளையும் இரவல் பெற்றார். கிடைத்த தோல்களை இருவரும் பகிர்ந்துகொண்டனர். 1812இல் கலிபோர்னியாவில் எழுந்த ராஸ் கோட்டையின் நீர்நாய் வேட்டையும் வடக்கிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களையே நம்பியிருந்தது. பீரங்கியும் மூலதனமும் உடையோர் எவரும் இத்திறனுக்கு மாற்றுக் கண்டுபிடிக்கவில்லை.

1911ஆம் ஆண்டு உடன்படிக்கை

1867இல் அலாஸ்கா அமெரிக்காவின் கைக்கு வந்தபின் துப்பாக்கி பெருகியது. எஞ்சியவையும் விரைவில் குறைந்தன. அமெரிக்கா, பிரித்தானியா, உருசியா, சப்பான் ஆகியன 1911 ஜூலையில் கையெழுத்திட்ட உடன்படிக்கை, கடலோரத்திலிருந்து மூன்று மைலுக்கு அப்பால் கடல்நீர்நாயைக் கொல்வதைத் தடுத்தது. அப்போது எஞ்சியவை 1,000 முதல் 2,000 வரை என மதிப்பிடுவர். உண்மையில் அது உரோமக் கடல்நாய்க்காக எழுதப்பட்ட உடன்படிக்கை; கடல்நீர்நாய்க்கு அதில் ஒரே ஒரு பிரிவு கிடைத்தது.

அதற்கு முந்தைய பிரிவு, கடல்நாய் வேட்டையில் அலூட், ஐனு முதலிய பழங்குடியினருக்கு விலக்கு அளிக்கிறது. துடுப்பாலோ பாயாலோ செல்லும் மரபுப் படகில், ஐவருக்கு மிகாமல், துப்பாக்கியின்றி அவர்கள் வேட்டையாடலாம். ஆனால் பிறரிடம் பணிபுரிபவராகவோ, தோலைப் பிறருக்குத் தர ஒப்பந்தம் செய்தவராகவோ இருத்தல் கூடாது. முன்னர் பட்டயத்தின் வழி அவர்கள்மீது சுமத்தப்பட்ட அதே நிலை, இப்போது அவர்களின் உரிமையை இழப்பதற்குரிய காரணமாக எழுதப்பட்டது.