ஆயிரம் வாட் என்னும் எண்ணின் வரலாறு

எஸ்.பி.எம். தேர்வு முடிந்து பகுதிநேர வேலைக்குச் செல்லும் பிள்ளைகள் தம் முதற்சம்பளத்தில் வாங்க விரும்பும் பொருள்களுள் மகிழுந்துக்கான சப்வூஃபரும் ஒன்று. தாழ்ந்த சுரங்களை மட்டும் ஒலிக்கும் அந்தக் கனத்த ஒலிபெருக்கியையும், அதனை இயக்கும் ஆம்ப்ளிஃபையரையும் பற்றிப் பெற்றோர் சிலர் பள்ளியில் அறிவியல் போதிக்கும் ஆசிரியர்களிடம் வினவுவதுண்டு. “சார், பெட்டியில் ஆயிரம் வாட் என்று போட்டிருக்கிறது. நம்பி வாங்கலாமா?” ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் விடை கூறுவதைவிட, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது அதிகப் பயன் தரும். பெற்றோர் தரும் பணமும் பிள்ளையின் பாதுகாப்பும் இதில் அடங்கியுள்ளன.

முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்கிவிடுவோம். தமிழில் நாம் ‘ஒலிபெருக்கி’ என வழங்கும் கருவி உண்மையில் எதனையும் பெருக்குவதில்லை. மின்குறிப்பைப் பெருக்குவது ஆம்ப்ளிஃபையர். பெருகிய மின்னோட்டத்தை ஒலியாக மாற்றுவது மட்டுமே ஒலிபெருக்கியின் வேலை. வழக்கில் வேரூன்றிவிட்ட சொல்லை மாற்ற இயலாது. எனவே, இக்கட்டுரையிலும் அச்சொல்லையே ஆள்கிறேன்.

இவ்விரு கருவிகளையும் பொருத்துவதற்குரிய அடிப்படை விதியைக் கண்டறிந்தவர் ஒரு பள்ளி ஆசிரியர். ஜெர்மனியின் எர்லாங்கன் நகரில் 1789இல் ஒரு பூட்டுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ஜார்ஜ் சைமன் ஓம், 1817 முதல் கோலோன் நகரப் பள்ளியொன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தார். அப்பள்ளியின் ஆய்வுக்கூடக் கருவிகளைக் கொண்டே வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளில் மின்னோட்டத்தை அளந்தார். அக்கால வோல்டா மின்கலம் நிலையான மின்சாரத்தைத் தராமையால், வெப்ப வேறுபாட்டால் மின்சாரம் தரும் உலோக இணையைப் பயன்படுத்தினார். 1827இல் அவர் தம் நூலை வெளியிட்டபோது சொந்த நாட்டில் வரவேற்பு கிட்டவில்லை. கோலோன் பணியையும் துறந்தார். 1841இல் இலண்டன் அரச கழகம் கோப்ளி பதக்கம் அளித்த பின்னரே அவர் பெயர் பரவலாயிற்று. இன்று எந்த ஒலிபெருக்கியைத் திருப்பிப் பார்த்தாலும், ‘4 ஓம்’ என்று அவ்வாசிரியரின் பெயர் அச்சிடப்பட்டிருக்கும்.

ஒலிபெருக்கியின் கதையோ வேறு வகையானது. காந்தப் புலத்தினுள் கம்பிச்சுருள் ஒன்று முன்னும் பின்னும் அசையும் அமைப்புக்கு ஜெர்மனியின் எர்ன்ஸ்ட் வெர்னர் சீமென்ஸ் 1874இலேயே காப்புரிமை பெற்றார். இங்கிலாந்தின் ஆலிவர் லாட்ஜ் 1898இல் அதனை மேம்படுத்தினார். ஆயினும், அதனை உரக்க இயக்குவதற்கு ஆம்ப்ளிஃபையர் என்ற ஒன்று அப்போது இல்லை. வெற்றிடக் குழாய் வந்து, வானொலி வந்து, 1925இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனப் பொறியாளர்களான செஸ்டர் ரைஸும் எட்வர்டு கெல்லாக்கும் ஆய்வுக் கட்டுரை வெளியிட்ட பின்னரே இன்றைய ஒலிபெருக்கி உருப்பெற்றது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அது தன் துணைக்காகக் காத்திருந்தது எனலாம். அவ்விருவரும் ஒலிபெருக்கியோடு அதற்கேற்ற ஆம்ப்ளிஃபையரையும் சேர்த்தே வடிவமைத்தனர். அதன் திறன் சுமார் 1 வாட். ஆயிரம் அன்று, ஒன்று! அதுவே ஒரு கூடத்திற்குப் போதுமானதாக இருந்தது. இரண்டும் சேர்ந்தே விற்கப்பட்டதால் பொருத்தம் பார்க்கும் கவலை வாங்குபவருக்கு இல்லை. பின்னாளில் அவை தனித்தனிப் பொருள்களாகப் பிரிந்தபோது அக்கவலை நம் தலையில் விழுந்தது.

இனி மகிழுந்துக்கு வருவோம். 1930இல் பால் கால்வின் என்பவரின் நிறுவனம் அமெரிக்காவில் ‘மோட்டோரோலா’ என்ற பெயரில் மகிழுந்து வானொலியை விற்பனைக்குக் கொணர்ந்தது. வானொலியின் வெற்றிடக் குழாய்களுக்கு ஏறக்குறைய 200 வோல்ட் தேவை. வண்டியின் மின்கலமோ 6 வோல்ட்தான். முதலில் தனி உலர்மின்கலங்களைப் பொருத்தினர். பின்னர் ‘வைப்ரேட்டர்’ என்னும் சிறு கருவி வந்தது. அது ரீங்காரத்துடன் அதிர்ந்து நேர்மின்னோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்ட, மின்மாற்றி அதனை உயர் மின்னழுத்தமாக்கியது. 1955இல் கிரைஸ்லர் நிறுவனமும் ஃபில்கோ நிறுவனமும் முழுதும் டிரான்சிஸ்டரால் ஆன மகிழுந்து வானொலியை அறிமுகப்படுத்தின. டிரான்சிஸ்டருக்கு 12 வோல்ட்டே போதும். ஆகவே, வைப்ரேட்டர் விடைபெற்றது. ஆனால், அதனோடு உயர் மின்னழுத்தமும் விடைபெற்றது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இங்கேதான் ஓம் ஆசிரியர் குறுக்கிடுகிறார். மின்னழுத்தத்தை அதனாலேயே பெருக்கி மின்தடையால் வகுத்தால் மின்திறன் கிடைக்கும். இயந்திரம் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் 14.4 வோல்ட் என்று கொள்வோம். மகிழுந்து ஒலிபெருக்கியின் தடை 4 ஓம். 14.4ஐ 14.4ஆல் பெருக்கி 4ஆல் வகுத்தால் 51.84 வரும். வண்டி வானொலிகளின் முகப்பில் ‘50 வாட் × 4’ என்று மின்னும் எண்ணின் பிறப்பிடம் இதுவே. ஆறாம் ஆண்டு மாணவனும் இக்கணக்கைச் செய்துவிடுவான். எனினும், இந்த எண் மின்னழுத்தம் இடையறாது உச்சத்திலேயே நிற்பதாகக் கொண்டு கணித்தது. உண்மை ஒலியலை ஏறி இறங்குவது. சீரான அலைக்கு இதில் பாதியே, அதாவது சுமார் 26 வாட்டே தேறும். டிரான்சிஸ்டரில் வீணாவதையும் கழித்தால் 20 வாட்டை ஒட்டி நிற்கும். ‘ஆர்.எம்.எஸ்.’ என்று குறிப்பிடப்படும் தொடர்திறன் இதுதான். முகப்பில் பெரிதாக அச்சிடப்பட்ட எண்ணைத் தவிர்த்துக் கையேட்டின் உட்பக்கத்தில் இதனைத் தேடிப் படிக்க வேண்டும்.

இவ்வரம்பைத் தாண்ட இரண்டு வழிகளே உள்ளன. ஒன்று, தடையைக் குறைத்தல். மற்றொன்று, மின்னழுத்தத்தை உயர்த்துதல். 1970களில் அமெரிக்காவின் ஜிம் ஃபாஸ்கேட் போன்றோர் தனி ஆம்ப்ளிஃபையர்களை உருவாக்கத் தொடங்கினர். அவ்வகைக் கருவிகள் நேர்மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, மின்மாற்றியால் உயர்த்தி, மீண்டும் நேர்மின்னோட்டமாக்கிப் பயன்படுத்துகின்றன. வெளியேறிய வைப்ரேட்டர் ஓசையின்றி வேறு வேடத்தில் திரும்பி வந்ததைப் போன்றது இது.

அதே காலத்தில் தாழ்ந்த ஒலிக்குத் தேவையும் பெருகியது. 1974இல் வெளியான ‘எர்த்குவேக்’ என்னும் ஆங்கிலப் படத்திற்காகத் திரையரங்குகளில் ‘சென்சரவுண்ட்’ என்ற அமைப்பில் பெரும் ஒலிபெருக்கிகளை நிறுவி, நிலநடுக்கத்தைப் பார்வையாளர் உடலால் உணரச் செய்தனர். 1982இல் குறுந்தட்டு வந்ததும் ஆழ்ந்த சுரங்களைக் குறைவின்றிப் பதிந்து கேட்பது எளிதாயிற்று.

ஆயினும், பெரிய கூம்பும் பெரிய திறனும் இருந்தால் தாழ்ந்த சுரம் தானே வந்துவிடாது. கூம்பு முன்னே காற்றை அழுத்தும்போது பின்னே காற்று தளர்கிறது. இரண்டும் கலந்தால் ஒன்றையொன்று அழித்துவிடும். அதனால்தான் பெட்டி வேண்டியுள்ளது. எட்கர் வில்ச்சர் என்பவர் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலி மீட்பைப் பற்றிப் பாடம் நடத்தியவர். அவர், காற்றுப்புகாச் சிறு பெட்டியில் அடைபட்ட காற்றையே கூம்பின் சுருள்வில்லாகப் பயன்படுத்தும் முறையைக் கண்டார். தம் வகுப்பு மாணவரான ஹென்றி குளாஸுடன் சேர்ந்து 1954இல் நிறுவனம் தொடங்கி அதனை விற்றார். ஆசிரியரும் மாணவரும் கூடிச் செய்த இம்முயற்சி, அறைமூலையை அடைத்துக் கொண்டிருந்த பெட்டிகளைப் புத்தக அலமாரியில் வைக்கும் அளவுக்குச் சுருக்கியது.

துளையிட்ட பெட்டிக்கும் 1932இலேயே பெல் ஆய்வகத்தின் ஆல்பர்ட் துராஸ் காப்புரிமை பெற்றிருந்தார். இருப்பினும், எந்த ஒலிபெருக்கிக்கு எவ்வளவு பெரிய பெட்டி, எவ்வளவு நீளத் துளை என்பதை அறிய, வெட்டி ஒட்டிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்நிலையை மாற்றியவர் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல். அவர் 1961இல் எழுதிய கட்டுரை ஓர் ஆஸ்திரேலிய இதழில் வெளிவந்து பத்தாண்டுகள் உலகின் கண்ணில் படாமலே கிடந்தது. 1971இல் அமெரிக்க ஒலிப்பொறியியல் கழகத்தின் இதழ் அதனை மறுபதிப்புச் செய்தது. சிட்னி பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த ரிச்சர்டு ஸ்மால் அப்பணியை விரிவாக்கினார். இன்று நல்ல சப்வூஃபர் எதனுடனும் வரும் ‘தீல்–ஸ்மால்’ அளவுகள் இவ்விருவரின் பெயரையே தாங்கியுள்ளன.

அவற்றுள் மூன்றை அறிந்தால் போதும். எஃப்.எஸ். என்பது கூம்பு தன்னியல்பாக அதிரும் அதிர்வெண். வி.ஏ.எஸ். என்பது கூம்பின் தாங்குவளையங்களுக்குச் சமமான இளக்கமுடைய காற்றின் கனஅளவு. கியூ.டி.எஸ். என்பது அதிர்வு எவ்வளவு விரைவில் அடங்கும் என்பதைக் காட்டும் எண். அது குறைந்தால் துளைப்பெட்டிக்கும், கூடினால் மூடிய பெட்டிக்கும் பொருந்தும். ஓர் எடுத்துக்காட்டு: கியூ.டி.எஸ். 0.5, வி.ஏ.எஸ். 30 லிட்டர். மூடிய பெட்டியில் இந்த எண் 0.707 ஆனால் ஒலி சமனாக இருக்கும். 0.707ஐ 0.5ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 2. அதில் 1ஐக் கழித்தால் 1. வி.ஏ.எஸ். அளவை அந்த 1ஆல் வகுத்தால் பெட்டிக்கு 30 லிட்டர். இவ்வளவுகளை அச்சிடாமல் வாட்டை மட்டும் பறைசாற்றும் ஒலிபெருக்கியை வாங்காதிருப்பதே நலம் என்பது என் கருத்து.

வாட் மோசடிக்கும் ஒரு வரலாறு உண்டு. வீட்டு ஒலிக்கருவிகளின் திறனை ஊதிப் பெருக்கும் விளம்பரங்கள் அமெரிக்காவில் மிகுந்தபோது, அந்நாட்டின் கூட்டரசு வணிக ஆணையம் 1974இல் அவற்றுக்கு விதி வகுத்தது. அவ்விதி வீட்டுக் கருவிகளுக்கு மட்டுமே. மகிழுந்துக் கருவிகள் தப்பித்தன. 2003இல்தான் அந்நாட்டு நுகர்வோர் மின்னணுச் சங்கம் மகிழுந்து ஆம்ப்ளிஃபையர்களுக்குச் சி.இ.ஏ. 2006 என்னும் தரத்தை வெளியிட்டது. 14.4 வோல்ட்டில், 4 ஓம் சுமையில், 1 விழுக்காட்டுக்கு மேற்படாத சிதைவுடன் திறனை அளக்க வேண்டும் என்பது அதன் சாரம். அது கட்டாயமன்று, விரும்பும் நிறுவனங்கள் பின்பற்றலாம். ஆகவே, பெட்டியில் அம்முத்திரை உள்ளதா என்று பாருங்கள்.

முத்திரை இல்லையா? ஆம்ப்ளிஃபையரின் பக்கவாட்டில் செருகியுள்ள ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் என்றிருந்தால், 14 வோல்ட்டால் பெருக்க 420 வாட். உள்ளே நுழையும் மின்திறனே அவ்வளவுதான். ‘டி’ வகை ஆம்ப்ளிஃபையராயின் அதில் ஏறத்தாழ முக்கால் பங்கும், பழைய ‘ஏபி’ வகையாயின் பாதியைச் சற்றே மிஞ்சியும் ஒலிபெருக்கிக்குப் போய்ச் சேரும், எஞ்சியது வெப்பம். 420 வாட் வாங்கி 1000 வாட்டை இடைவிடாமல் எவ்வாறு கொடுக்கும்?

அடுத்தது தடைப் பொருத்தம். இரட்டைச் சுருள் கொண்ட சப்வூஃபரில் ஒவ்வொரு சுருளும் 4 ஓம் என்றால், தொடர் இணைப்பில் 8 ஓம், பக்க இணைப்பில் 2 ஓம். நாம் மின்குமிழ்களை வைத்துக் கற்பிக்கும் அதே பாடம்தான். இரு தடங்களைப் ‘பிரிட்ஜ்’ முறையில் ஒன்றாக்கி, 4 ஓமுக்குக் குறையலாகாது என்று கையேட்டில் எச்சரித்திருக்கும் ஆம்ப்ளிஃபையரில் 2 ஓமை மாட்டினால் அது சூடேறி அணைந்துவிடும் அல்லது எரிந்துவிடும். தடை பொருந்திய பின், ஆம்ப்ளிஃபையர் அத்தடையில் தரும் ஆர்.எம்.எஸ். திறனும் சப்வூஃபர் தாங்கும் ஆர்.எம்.எஸ். திறனும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். சிறிய ஆம்ப்ளிஃபையர் ஒலிபெருக்கியைக் கெடுக்கும் என்று கடைகளில் கூறுவர். சிறுமை கெடுப்பதில்லை, போதவில்லை என்று அதன் ‘கெய்ன்’ திருகை முறுக்கி, அலையின் முகடுகள் தட்டையாகும்வரை விரட்டுவதே சுருளைப் பொசுக்குகிறது. அத்திருகு ஒலியளவைக் கூட்டுவதற்குரியதன்று. வானொலி தரும் மின்குறிப்பின் அளவுக்கு ஆம்ப்ளிஃபையரை இசைவிப்பதற்குரியது.

திறனை இரட்டித்தாலும் 3 டெசிபலே கூடும். செவிக்கு இருமடங்காகத் தோன்றுவதற்கு ஏறத்தாழப் பத்து மடங்கு திறன் தேவை. சிறு வண்டியில் இயற்கையே நமக்கு உதவுகிறது. 2.5 மீட்டர் நீளமுள்ள மூடிய உள்ளறையில், சுமார் 69 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலியலையின் பாதி நீளம் அறையைவிட மிகுந்துவிடும். அதனால் உள்ளே காற்றழுத்தம் முழுவதுமாக ஏறி இறங்கி, தாழ்ந்த சுரம் கூடிக்கொண்டே போகும். மூடிய பெட்டியில் அச்சுரம் குறையும் வீதமும் இதுவும் பெருமளவு ஈடாகிவிடுகின்றன. கஞ்சிலோ மைவியோ வைத்திருக்கும் பிள்ளைக்கு 200 வாட் தொடர்திறனே தாராளம்.

பொருத்தும் நாளன்று பெற்றோர் ஒன்றை மட்டும் நேரில் பார்க்க வேண்டும். மின்கலத்திலிருந்து வண்டியின் பின்பகுதிக்குச் செல்லும் தடித்த கம்பியில், மின்கலத்திலிருந்து சுமார் 45 செண்டிமீட்டருக்குள் ஒரு ஃபியூஸ் இருத்தல் வேண்டும். ஆம்ப்ளிஃபையரிலேயே ஃபியூஸ் இருக்கிறதே என்று பொருத்துபவர் கூறக்கூடும். அது பின்புறத்தில் உள்ளது. முன்புற உலோகத் தகட்டின் துளையில் கம்பியின் உறை தேய்ந்து வண்டியின் உடலைத் தொட்டால், மின்கலத்தின் முழு மின்னோட்டமும் அந்தக் கம்பி வழியே பாயும். பின்னால் உள்ள ஃபியூஸுக்கு அது தெரியவே தெரியாது. கம்பி நுழையும் துளையில் இரப்பர் வளையம் மாட்டியிருக்கிறார்களா என்பதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.