கர்னல் ஆல்காட்டின் வண்டி வீடு

பணி ஓய்வுக்குப் பின் அயல்நாட்டில் சென்று வாழ்தல் என்றவுடன் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இன்று நினைவுக்கு வரும் திசை மேற்குத்தான். மகனோ மகளோ நியூ ஜெர்ஸியில் இருப்பார். பெற்றோர் விமானம் ஏறுவர். ஓய்வுபெற்ற அமெரிக்கர் சிலர் வீட்டை விற்றுவிட்டுச் சக்கரம் பூட்டிய வீட்டிலேயே காலம் கழிப்பதைக் கண்டு, திரும்பி வந்து வியப்புடன் சொல்வோரும் உண்டு. இதற்கு நேர் எதிர்த்திசையில் நிகழ்ந்த பயணம் ஒன்று அடையாற்றின் வரலாற்றில் இருக்கிறது. நியூ ஜெர்ஸியின் ஆரஞ்சு என்னும் ஊரில் 1832-இல் பிறந்து, 1907-இல் அடையாற்றில் எரியூட்டப்பெற்ற கர்னல் ஹென்றி ஸ்டீல் ஆல்காட்டின் பயணம் அது. அவரும் சக்கரம் பூட்டிய வீடொன்றில் வாழ்ந்தவர்தாம்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது இராணுவக் கொள்முதல் ஊழல்களைத் துருவியவர் ஆல்காட். லிங்கன் கொலைச் சதி விசாரணையிலும் பங்குகொண்டவர். பின்னர் நியூயார்க்கில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தினார். 1875-இல் பிளாவட்ஸ்கி அம்மையாருடன் சேர்ந்து பிரம்மஞான சபையைத் தோற்றுவித்தார். 1878 டிசம்பர் 17 அன்று, தம் 46-ஆம் வயதில், தொழிலையும் ஊரையும் விட்டுக் கப்பலேறினார். மணவாழ்க்கை முன்னரே முறிந்திருந்தது. 1879 பிப்ரவரி 16-இல் பம்பாயில் இறங்கியபோது அவரிடம் ஓய்வூதியமோ நிலையான வருவாயோ கிடையாது. எஞ்சிய வாழ்நாளைக் கீழைநாட்டில் கழிப்பது என்ற உறுதி ஒன்றே கையிருப்பு.

1880 மே மாதத்தில் இலங்கையின் காலித் துறைமுகத்தில் இறங்கிப் பௌத்தம் தழுவினார். மறுஆண்டில் பௌத்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நிறுவ நிதி திரட்டும் பொருட்டு ஊர் ஊராகச் செல்ல நேர்ந்தது. தங்க விடுதிகள் இல்லாத கிராமங்கள். எனவே தாமே திட்டமிட்டு ஒரு மாட்டுவண்டியைச் செய்வித்தார். வில் பொருத்திய இரு சக்கர வண்டி. இரும்பு வளையங்களின்மேல் இழுத்துக் கட்டிய கித்தான் கூண்டு. பக்கங்களில் பிதுங்கி நிற்கும் பெட்டிகளில் உணவுத் தட்டுகள், தகரத்தில் அடைத்த உணவு, சிறு நூலகம், குளியல் பொருள்கள். அடித்தளத்தின் கீழே காய்கறிக்கும் கறிச் சரக்குக்கும் தனிப் பெட்டிகள். நால்வர் படுக்கலாம். உள்ளமைப்பைச் சற்றே மாற்றினால் எழுதும் அறை, உண்ணும் அறை, எட்டுப் பேர் அமரும் ஊர்தி என உருமாறும். வாரக்கணக்கில் அதிலேயே வாழ்ந்ததாகத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதுகிறார். பிக்குகள் சூழ நின்று அதன் நுட்பங்களை வேடிக்கை பார்த்தார்களாம்.

இன்பச் செலவுக்கெனவே கட்டப்பட்ட முதல் வண்டி வீடு என்று மேலைநாட்டார் குறிப்பிடுவது, ஸ்காட்லாந்து எழுத்தாளர் கோர்டன் ஸ்டேபிள்ஸ் 1885-இல் செய்வித்த குதிரை வண்டியை. ஆல்காட்டின் வண்டி அதற்கு நான்கு ஆண்டுகள் முந்தியது. ஸ்டேபிள்ஸ் காட்சிகளைத் தேடிப் போனார். ஆல்காட் பள்ளிக்கூடத்துக்குப் பணம் தேடிப் போனார். வண்டியிலேயே சமைத்து உண்டு உறங்கிச் செல்லும் வாழ்வு நமக்கும் புதிதன்று. கோவலனின் தந்தை மாசாத்துவான் பெயரிலேயே வணிகச் சாத்து இருக்கிறதல்லவா?

அடுத்து வாய்த்தது படகு. 1882 மே மாதத் தொடக்கத்தில் ஆல்காட்டும் பிளாவட்ஸ்கியும் சென்னையிலிருந்து பக்கிங்ஹாம் கால்வாய் வழியே படகில் தங்கியபடி நெல்லூர் நோக்கிச் சென்றனர். இன்று சாக்கடையாய்த் தேங்கி, பறக்கும் ரயிலின் தூண்களைத் தாங்கி நிற்கும் அதே கால்வாய்தான். பயணம் முடித்துத் திரும்பியதும், மே 31 அன்று, அன்பர்கள் அவர்களை அடையாற்றின் தென்கரையில் இருந்த ஹடில்ஸ்டன் தோட்டத்துக்கு அழைத்துச் சென்று காட்டினர். ஆறு கடலோடு கலக்கும் இடத்துக்கு அருகே 27 ஏக்கர், பெரிய மாளிகை. நீலகிரி அடிவாரம் வரை ரயில் வந்துவிட்டதால் வெள்ளை அதிகாரிகள் கோடையில் உதகைக்குச் சென்றுவிட, சென்னையின் தோட்ட மாளிகைகள் வாங்குவாரின்றிக் கிடந்த காலம். ஏறத்தாழ 600 பவுன் விலையில் அது படிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 19-இல் குடிபுகுந்தனர்.

வீடு கிடைத்தது. ஊர் கிடைத்ததா என்பது வேறு கேள்வி. தொடக்க ஆண்டுகளில் ஆல்காட்டைச் சூழ்ந்திருந்தோர் மயிலாப்பூர் வழக்கறிஞர்களும் உயர் அலுவலர்களும் ஆவர். 1886-இல் அடையாறு நூலகம் தோன்றிச் சுவடிகள் திரண்டன. தோட்டத்து மதிலை ஒட்டியே ஊரூர்ச் சேரி இருந்தது. அங்கிருந்த பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க எவரும் இல்லை என்பது அவர் கண்ணில் ஆழப் பதியப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. இலங்கையில் ஓராண்டுக்குள் பள்ளிக்காக வண்டி கட்டியவர், சென்னையில் தம் வாசலுக்கு வெளியே இத்தனை காலம் பாராதிருந்தார். மேட்டுக்குடி நண்பர்களின் நடுவே அமைந்த வசதியான வீடு பார்வையை மறைக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இடையில் முறையாக ஓய்வுபெறவும் முயன்றார். உதகையில் 'குலிஸ்தான்' என்ற குடிலைக் கட்டியிருந்தார். ரோசாத் தோட்டம் எனப் பொருள்படும் பாரசீகச் சொல் அது. தாமும் பிளாவட்ஸ்கியும் முதுமையைக் கழிக்க எண்ணிய இடம். அம்மையாரோ 1891 மே மாதம் இலண்டனில் மறைந்தார். 1892 ஜனவரியில், உடல்நலக் குறைவைக் காட்டி ஆல்காட் தலைவர் பதவியைத் துறந்து மலைக்குச் சென்றார். எழுதிப் பிழைப்பது என்பது திட்டம். அன்பர்கள் விடவில்லை, ஆகஸ்டில் பதவி விலகலைத் திரும்பப் பெற்றார். ஓய்வு வாழ்க்கை எட்டு மாதம்கூட நிலைக்கவில்லை.

அவர் வாழ்வின் மிகப் பயனுள்ள பணி அதன் பிறகே தொடங்கியது. 1894-இல், 62-ஆம் வயதில், ஊரூரில் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளியைத் திறந்தார். அரசு ஊழியர் 55-இல் ஓய்வுபெற்ற காலம் அது. தொடர்ந்து கோடம்பாக்கம், தேனாம்பேட்டை, மயிலாப்பூர் எனப் பள்ளிகள் பெருகின. மயிலாப்பூர்ப் பள்ளிக்குத் திருவள்ளுவர் பெயர். கற்பித்தவை எழுத்து, வாசிப்பு, கணக்கு, சமையல் முதலியன. குறிக்கோள் சிறியது என இன்று நாம் குறை கூறலாம். ஆனால் அந்தச் சிறிய குறிக்கோளையும் அன்று பலர் மேற்கொள்ளவில்லை என்ற ஒப்பீடு தேவை. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் அவரை நாடி வந்தார். ஆல்காட்டின் துணையுடன் இலங்கை சென்று சுமங்கல தேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். திரும்பி வந்து இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். தமிழ்ப் பௌத்தத்தின் மறுமலர்ச்சிக்கு அவர்தம் சிந்தனையே வேர். கொழும்புக்கு வழிகாட்டியவர், ஒருகாலத்தில் அந்தத் தீவின் சாலைகளை மாட்டுவண்டியில் அளந்தவர்.

1906-இல் அமெரிக்கா சென்று திரும்புகையில் கப்பலில் விழுந்து அடிபட்டார். நோயுற்ற நிலையிலும் அடையாற்றுக்கே வந்து சேர்ந்தார்; 1907 பிப்ரவரி 17-இல் காலமானார். உடலின்மீது அமெரிக்கக் கொடியும் பௌத்தக் கொடியும் போர்த்தப்பட்டன. பிறந்த நாட்டை அவர் மறுக்கவில்லை. இறக்கும் இடத்தை மட்டும் தேர்ந்துகொண்டார்.

அயல்நாட்டில் முதுமையைக் கழிக்கத் திட்டமிடுவோர் வீட்டின் விலை, தட்பவெப்பம், மருத்துவ வசதி ஆகியவற்றைக் கணக்கிடுகின்றனர். அண்டைவீட்டார் யார், அவர்களுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பது அக்கணக்கில் இடம்பெறுவதில்லை. ஆல்காட்டும் அதைத் தாமதமாகவே கணக்கில் சேர்த்தார். ஆயினும் சேர்த்தார். பெசன்ட் நகரில் அவர் பெயரால் அமைந்த பள்ளிக்கு ஏழைப் பிள்ளைகள் இன்றும் காலையில் நடந்து வருகிறார்கள்.